லத்தீன் வகையறா

தர்மாஸ்பத்திரி டாக்டர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியிடம் தமிழில் பேசுவார்கள். நோயைப் பற்றி, அவன் தலைக்கு மேலே, இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். 'சாப்பிட்டியா, தூங்குனியா, வெளிக்குப் போனியா' என்பதோடு தமிழ் முடிந்துவிடும். அதற்கப்புறம் கட்டிலைச் சுற்றி நிற்கும் வெள்ளைக் கோட்டுகளுக்குள் நடப்பதெல்லாம் வேறு பாஷை. படுத்திருப்பவன், தன் வழக்கு என்ன ஆயிற்று என்று புரியாத கைதி மாதிரி, பேசுகிறவர் வாயையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பான். அதில் கொடுமை ஒன்றும் இல்லை. தெரியாமல் இருந்தால் நிம்மதியாக இருப்பான் என்று நினைத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விஷயத்தில் அது சரியாகத்தான் இருந்திருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரையில் ஒரு வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த என் நண்பன் விஷயத்தில் அது பலிக்கவில்லை. அவன் இங்கிலீஷ் வார்த்தைகளை வேரோடு பிடுங்கிப் பார்க்கப் பழகியவன்.

நானும் அவனும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஆகவே இங்கேயும் அவன் மாப்ளதான். உசிலம்பட்டிக்கு மேற்கே, மழையை நம்பிச் சோளமும் கடலையும் போடுகிற குடும்பத்தில் முதல் பட்டதாரி. நான் மிஷன் பள்ளி வாத்தியாரின் மகன். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தண்ணீராக ஓடியது. என்னைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியது. கல்லூரியை முடித்துவிட்டு அவன் ரயிலடிக்கு எதிரே ஒரு லாட்ஜில் வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காலை வகுப்புக்கு முன்னால் மெஷின்களைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன், பி.ஏ. பட்டத்தோடு. எங்களைப் போன்றவர்களுக்கு அன்றைக்கு மோட்சம் என்றால் பேங்க் கிளார்க் வேலை. மோட்சத்துக்கு ஒரு நுழைவுப் பரீட்சை. கணக்கை எப்படியாவது தாண்டிவிடலாம். பொது அறிவை டீக்கடைப் பேப்பரிலேயே தேற்றிக்கொள்ளலாம். ஒரு வார்த்தையைக் கொடுத்து, இதற்குப் பொருள் எது, எதிர்ப்பொருள் எது என்று கேட்கிற இடத்தில்தான் வருடா வருடம் விழுந்து எழுந்தோம். எழுந்தோம் என்பதைக்கூட மரியாதைக்காகச் சொல்கிறேன்.

புது மண்டபத்துப் பழைய புத்தகக் கடையில் அட்டை போன புத்தகம் ஒன்று மாப்ளையின் கையில் சிக்கியது. லத்தீன் வேர்ச் சொற்களும் அவற்றிலிருந்து கிளைத்த இங்கிலீஷ் வார்த்தைகளும் அதில் பக்கம் பக்கமாக இருந்தன. எனக்குப் பார்த்ததுமே தலை சுற்றியது. அவன் வைகை மணலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, "இதுல ஒண்ணும் இல்ல மாப்ள, நம்மூரு வகையறா மாதிரிதான்" என்றான். அவன் ஊரில் வகையறா என்றால் ஒரே பாட்டன் வழி வந்த பங்காளிகளின் கூட்டம். ஊரில் யாரைக் கேட்டாலும் பெயருக்கு முன்னால் வகையறாவைச் சொல்லுவார்கள். அவன் கணக்குப்படி 'போர்ட்' என்பவர் ஒரு பாட்டன். சுமப்பது அவர் தொழில். போர்ட்டர், டிரான்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட், இம்போர்ட் எல்லாம் அவருடைய பேரன் பேத்திகள். பாட்டனைத் தெரிந்துகொண்டால் பேரனை எந்த ஊர்ச் சந்தையில் பார்த்தாலும் மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் 'எக்ஸ்', 'இன்', 'சப்' எல்லாம் பெண் கொடுத்த வழியில் வந்த சம்பந்திகள். என் அப்பா இருபது வருடம் பிரம்பை வைத்துக்கொண்டு புகட்ட முடியாததை அவன் ஒரு சாயங்காலத்தில் எனக்குள் இறக்கினான்.

வகையறாக்களை நாங்கள் பாகம் பிரித்துக்கொண்டோம். அவரவர் பாகத்தை அவரவர் மனப்பாடம் செய்து மற்றவனுக்கு ஒப்பிக்க வேண்டும். இழுப்பது, எறிவது, உடைப்பது, பார்ப்பது என்று நல்ல நல்ல பாட்டன்களை எல்லாம் அவன் எடுத்துக்கொண்டான். கெட்டது என்று பொருள்படும் 'மேல்', சாவு என்று பொருள்படும் 'மார்ட்' இரண்டையும் என் தலையில் கட்டினான். "நீதான் எழவு வீட்டுலயும் சிரிப்புக் காட்டுறவன், உனக்குத்தான் இது ஏத்த சொத்து" என்றான். நானும் பெருமையோடு வாங்கிக்கொண்டேன்.

இதற்கிடையில் அவனுக்குக் கல்யாணம் நடந்து ஒரு பையனும் பிறந்தான். பெண் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டிலிருந்து வந்தவள். அவன் எனக்கு மாப்ள என்பதால் அவள் எனக்குத் தங்கச்சி. நான் கேட்காமலே எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கியவள், அதற்கு மேல் படிக்க வைக்கவில்லை. செல்லூரில் பல குடித்தனங்கள் இருந்த ஒரு வளவில் ஒற்றை அறை. அவள் நெசவுக்காரர்களுக்கு ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாப்ள மேற்கொண்டு இரண்டு பரீட்சை எழுதினான். வயது வரம்பு முடிய ஒரே ஒரு பரீட்சை பாக்கி இருந்தபோது வயிற்றுவலி வந்தது. லாட்ஜ் டீயும் நேரங்கெட்ட சாப்பாடும்தான் காரணம் என்று நாங்களே முடிவுகட்டி, சோடாவும் சீரகமும் கொடுத்து ஐந்தாறு மாதத்தை ஓட்டினோம். அவன் பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட வேண்டி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

அன்று பெரிய டாக்டர் வந்தபோது நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். தங்கச்சி கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு வெளியே போயிருந்தாள். பெரிய டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கூட வந்த மாணவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ விளக்கினார். கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் ஒரு கேள்வி கேட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டு, மாப்ளையின் தோளில் தட்டி, தமிழில், "குடல்ல புண்ணுப்பா. மாத்திரை தாறோம். வீட்டுல போயி ரெஸ்ட் எடு" என்றார். வெள்ளைக் கோட்டுகள் அடுத்த கட்டிலுக்குப் போயின.

மாப்ள மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தான். பிறகு ஆற்று மணலில் கேட்பது போலவே கேட்டான். "இன்னாப்பரபிள். பிரி பாப்போம்."

பழக்கதோஷம். நான் உடனே பிரித்தேன். இன் என்றால் இல்லை, ஆப்பரா என்றால் வேலை, ஏபிள் என்றால் ஆகும் என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "வேலைக்கு ஆகாது" என்று விடையையும் சொல்லி முடித்தேன். சொன்ன பிறகுதான், ஆபரேஷனுக்கு ஆகாது என்பது எனக்கு உறைத்தது.

"ரைட்டு. அதுக்கு முந்தி அந்தாளு சொன்னது மேலிக்னன்ட். அது உன் பாகம் மாப்ள, நீதான் சொல்லணும்."

வாழ்க்கையில் பதில் தெரிந்தும் நான் எழுதாமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான். தங்கச்சி கஞ்சியோடு உள்ளே வந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். புண்ணாம், மாத்திரையில் ஆறிவிடுமாம் என்று அவன் சொன்னான். அவள் தூக்குவாளி மூடியில் கஞ்சியை ஊற்றி ஆற்றினாள். அவன் அதில் பாதியைக் குடித்தான்.

வீட்டுக்கு வந்த வாரத்திலேயே பரீட்சை அறிவிப்பு வந்தது. என்னை மூன்று விண்ணப்பம் வாங்கி வரச் சொன்னான். ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு, ஒன்று தங்கச்சிக்கு. அவள் அடுப்படியிலிருந்தே, பத்தாம் வகுப்பு படித்தவளுக்கு எவன் பேங்கைத் திறந்து வைத்திருக்கிறான், உங்கள் இருவருக்கும் கூறு கெட்டுவிட்டதா என்று கேட்டாள். எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கே போதும், புருசனும் பெண்டாட்டியும் எழுதினால் ஒன்றாவது தேறும் என்று அவன் சமாதானம் சொன்னான். தெருமுனை வரை என்னோடு நடந்து வந்தபோதுதான் உள்ளதைச் சொன்னான். "ஊருல அந்தக் காட்டை நம்பி அவளை விட்டுட்டுப் போக முடியாது மாப்ள. பயலையும் வச்சிக்கிட்டு அண்ணன் வீட்டுல போயி நிப்பா. பரீட்சை வரைக்கும் எனக்குத் தெம்பு இருந்தாப் போதும்." அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

அந்தக் கோடையில் செல்லூர் வளவில் நடந்த வகுப்பைப் போல் ஒன்றை நான் எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை. அவன் சுவரோரம் பாயில் படுத்திருப்பான். அவள் ராட்டையைச் சுற்றிக்கொண்டே பாடம் கேட்பாள். நான் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு மாணவர் தலைவன் மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். எங்களுக்கு ஒரு மாதம் பிடித்ததை அவள் ஒரு வாரத்தில் பிடித்தாள். 'ட்ராக்ட்' என்றால் இழுப்பது என்றதும், தன் கையில் ஓடும் நூலைக் காட்டி, "இதான" என்றாள். 'ரப்ட்' என்றால் உடைவது என்றபோது நூல் அறுந்தது. அதை முடிந்துகொண்டே இன்டரப்ட், கரப்ட், பேங்க்ரப்ட் என்று அவளே அடுக்கினாள். 'ஜெக்ட்' என்றால் எறிவது, இன்ஜெக்‌ஷனும் ரிஜெக்‌ஷனும் பங்காளிகள் என்றபோது, "அப்ப எங்கண்ணனுக்கு வருசா வருசம் வருதே, அது எது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். மாப்ள சிரித்தான். சிரித்ததில் வலி வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் ராட்டையை நிறுத்தவில்லை.

எல்லா வகையறாவும் வந்தது, என் பாகத்தில் இருந்த இரண்டைத் தவிர. அவற்றை அவன் தொடவில்லை. அது பரீட்சையில் வராது என்று சொல்லித் தாண்டிவிட்டான். அவன் அப்படிச் சொன்னபோது நான் பையனுக்குக் காக்காய் காட்டினேன். அந்த நேரத்தில் அங்கே காக்காய் எதுவும் இல்லை.

ஒருநாள் சுற்றிய தார்களை நெசவுக்காரர் வீட்டில் கொடுக்கப் போன தங்கச்சிக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு நான் துணைக்குப் போனேன். வழியில் தெருக்குழாயடியில் நின்றாள். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டாக்டர் பேசியபோது, தான் வாசல் கதவுக்குப் பின்னால்தான் நின்றதாகவும், கஞ்சி அவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிட்டதாகவும் சொன்னாள். 'மேல்' என்று ஒரு வார்த்தையின் தலைப்பகுதி மட்டும் காதில் நின்றுபோயிற்றாம். அது எந்த வகையறா என்று தெரியவில்லையாம். அதன் பங்காளிகள் நாலு பேரைச் சொல்லுங்கள், நானே பிரித்துக்கொள்கிறேன் என்றாள். நான் என்னிடம் இருந்த எல்லா வேடிக்கைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை. மலேரியா என்றேன். மேல்நியூட்ரிஷன் என்றேன். அதற்கும் ஒரு விளக்கம் கேட்டாள். கெட்ட காற்று, சத்துக்கெட்ட உடம்பு என்று சொன்னேன். மூன்றாவது அவளுக்குத் தேவைப்படவில்லை.

"கெட்டது. அதான?"

தலையை ஆட்டினேன்.

"அவுகளுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்மா."

சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். "எனக்குத் தெரியும்னு அவுககிட்டச் சொல்லிராதீக. பாடம் நின்னுபோயிரும்."

பாடம் நிற்கவில்லை. அதன் பிறகு அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் தெரியும், மூன்று பேரும் லத்தீன் படித்தோம். நான் நடிப்பில் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தவன். அந்த இரண்டு பேருக்கு முன்னால் நான் திரைச்சீலை இழுக்கிறவன்.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மாப்ள போய்விட்டான். தெம்பு கடைசியில் அவனை அந்த அளவுக்கு ஏமாற்றியது. உடம்பை ஊருக்குக் கொண்டு போனார்கள். கருமாதி பதினாறாம் நாள். பரீட்சை அதற்குள் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதுவரை புருசனை இழந்தவள் வாசப்படி தாண்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். தாண்டினால் பங்காளிகள் எல்லோருக்கும் ஆகாது. வெள்ளிக்கிழமை நான் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பங்காளிகளிடம், அரசாங்கம் பரீட்சையைத் தள்ளிவைக்காது என்று என் வாயில் இருந்த சாமர்த்தியத்தை எல்லாம் சேர்த்துப் பேசிப் பார்த்தேன். மூத்த பங்காளி பொறுமையாகக் கேட்டார். "தாலி இன்னும் கழுத்துல கெடக்குது தம்பி. அடுத்த வருசம் எழுதட்டும், யாரு வேணாம்கிறது?" என்றார். அடுத்த வருடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பையன் வகையறாவோடு இருப்பான், அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதையும் அதே மரத்தடியில்தான் பேசி முடித்திருந்தார்கள். நான் திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் மாப்ளையின் அய்யா, அவனைப் பெற்றவர், நின்றிருந்தார். முதல் பஸ்ஸுக்கு இருட்டிலேயே நடந்து வந்திருக்கிறார்கள். அவருக்குப் பின்னால் பொட்டில்லாத நெற்றியோடு தங்கச்சி. தோளில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை அய்யா அவளிடமிருந்து வாங்கித் தன் துண்டில் போட்டுக்கொண்டு, "நான் இந்த மரத்தடியில இருக்கேன், நீ போயி எழுதிட்டு வா தாயி" என்றார். பங்காளிகள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டேன். "கேக்காமத்தான் வந்துட்டேன்" என்றார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு இருக்கிறதா என்று என்னிடம் விசாரித்தார்.

உள்ளே அவளுக்கு முன் பெஞ்சில் இருந்தவன் திரும்பி அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தான். ராசிக்காகச் சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வந்திருந்தவன். எழுந்து போய் மேற்பார்வையாளர் காதில் ஏதோ சொன்னான். அவர் அவனை வேறு இடத்துக்கு மாற்றினார். பக்கத்தில் இருந்தவனும் மாற்றிக்கொண்டான். அவளைச் சுற்றி வட்டமாக இடம் காலியாயிற்று. அவள் நிமிரவில்லை. வார்த்தைப் பகுதிக்கு வந்தபோது அவளுடைய இடது கை விரல்கள் பெஞ்சின் அடியில் நூலை ஓட்டுவது போல் அசைந்ததை நான் என் இடத்திலிருந்து பார்த்தேன். என் தாளைப் பார்ப்பதைவிட அதைப் பார்ப்பதில் எனக்கு நிறையப் பலன் இருந்தது. முடிவு வந்தபோது அவள் தேறியிருந்தாள். எனக்கு அந்த 'ஜெக்ட்' வகையறாவிலிருந்து வழக்கமான பேரன் வந்திருந்தான். அதோடு என் வயது வரம்பும் முடிந்தது. இன்ஸ்டிடியூட்டையே பிறகு நான் நடத்த ஆரம்பித்தேன். இன்றைக்கு டைப்ரைட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்து என் முன்னேற்றத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தங்கச்சிக்குத் தேனிப் பக்கம் ஒரு கிளையில் வேலை கிடைத்தது. அதன் விலை அடுத்த மாசிச் சிவராத்திரியில் தெரிந்தது. அன்றைக்குக் குலசாமி கோயிலில் வகையறா கூடும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் வரி வாங்குவார்கள். அதில் பணம் ஒரு பொருட்டே இல்லை. வாங்கிக்கொண்டார்கள் என்றால் நீ வகையறாவில் இருக்கிறாய். அய்யா வேட்டி முடிச்சை அவிழ்த்துக்கொண்டு முறைப்படி போய் நின்றிருக்கிறார். அவருடைய பெயரைக் கூப்பிடாமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவர் முடிச்சைத் திரும்பவும் போட்டுக்கொண்டு, சாமி சாமான்கள் வைத்த பெட்டியைக் கோயிலில் இறக்கும் வரை தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு ஒவ்வொரு சிவராத்திரிக்கும் போனார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றார். போகாதீர்கள் மாமா என்று மருமகள் கெஞ்சியிருக்கிறாள். நமக்குப் போக வேறு எந்த இடம் இருக்கிறது என்று கேட்டாராம்.

அவர் அவளுடைய வாடகை வீட்டில்தான் செத்தார். ஊருக்கு ஆள் அனுப்பினோம். ஒருவரும் வரவில்லை. பாடை தூக்கப் பங்காளிதான் வேண்டும், மாமன் முறைக்காரன் தூக்கக் கூடாது என்று அங்கிருந்த ஒரு பெரியவர் நியாயம் சொன்னார். நான் மாமன் முறைகூட இல்லை, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் என்று சொன்னேன். பேங்க் பியூனும், இரண்டு கிளார்க்குகளும், நானும் தூக்கினோம். நால்வரில் நான் குள்ளம் என்பதால் அய்யா கடைசி வரை என் பக்கம் சாய்ந்தபடியே போனார். பேரன் கொள்ளி வைத்தான். அப்போது அவன் பள்ளிக்கூட யூனிஃபார்மில் இருந்தான்.

தங்கச்சி இப்போது ஓய்வுபெற்று மதுரையில்தான் இருக்கிறாள். பையன் நல்ல வேலையில் இருக்கிறான். சென்ற வருடம் நான் அவள் வீட்டில் இருந்தபோது ஊரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். மூத்த பங்காளியின் மகனும் மற்றவர்களும். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை. கோயிலைப் புதுப்பிக்கிறார்களாம். பழசையெல்லாம் மறந்து, பையன் பெயரில் வரி வாங்கிக்கொள்ள வகையறா கூடி முடிவெடுத்திருக்கிறதாம். நல்ல மனிதர்கள். பேசும்போது கண்ணைப் பார்க்கச் சிரமப்பட்டார்கள். அவள் காபி கொடுத்து, குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"எங்க மாமா பேருல வாங்கிக்கிருவீகளா?" என்று கேட்டாள்.

அப்படி வழக்கம் இல்லையே, இறந்தவர்கள் தலைக்கட்டில் வர மாட்டார்களே என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

"ஆமா. அவரு உசுரோட வந்து நின்னப்ப வாங்கியிருக்கணும்" என்றாள்.

கோபம் இல்லை. கவுண்டரில் நேரம் முடிந்த பிறகு வந்தவரிடம் சொல்வது போலச் சொன்னாள். தாம்பாளத்தை அவளே எடுத்து அவர்கள் கையில் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினாள். நான் எழவு வீட்டிலும் சிரிப்புக் காட்டுகிறவன் என்று பெயர் வாங்கியவன். அவள் திரும்பி வருவதற்குள் ஏதாவது சொல்லத் தயாராக இருக்க வேண்டும் என்று யோசித்தேன். அவள் உள்ளே வந்து, நாலு தம்ளர்களையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.